கப்பல் டூர்ல மனசைவிட்டுப் போகாத ஒரு சந்திப்பு: உங்க அனுபவம்

தி.நகர் டிராவல்ஸ்
சிங்கப்பூர் மரினா பே டெர்மினல், செக்-இன் கவுண்டர். குரூப்போட நானும் போயிருந்தேன். அதுல ஒரு குடும்பம்: மாமனார், மாமியார், மகன், மருமகள். மருமகள் மாசமா இருக்கிறது அங்க நிக்கும்போதுதான் எனக்குத் தெரியும். ஃபார்ம்ல அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ன்னு பையன் எழுதிக் கொடுத்திருந்தார்.

மாசமா இருக்கிறவங்களுக்கு 24-ஆவது வாரம் ஆரம்பிச்சிட்டா கப்பல்ல ஏத்த மாட்டாங்க. ஏறுற தேதிய வெச்சு மட்டும் பார்க்க மாட்டாங்க, இறங்குற தேதி வரைக்கும் பார்ப்பாங்க. கவுண்டர்ல டாக்டர் லெட்டர் கேட்டாங்க. 23 வாரம் முடிய இன்னும் ரெண்டு நாள். எங்களோடது மூணு ராத்திரிப் பயணம். நடுக்கடல்ல 24-ஆவது வாரம் ஆரம்பிச்சிரும். ஏத்த மாட்டோம்னுட்டாங்க.

பையன் கத்தினார். அந்தப் பொண்ணு பெட்டி மேல உட்கார்ந்துட்டு, “நீங்கல்லாம் போயிட்டு வாங்க, நான் ஹோட்டல்ல இருந்துக்கறேன்”னு சொல்லிச்சு. மாமனார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்ப அந்த மாமியார், கையில வாங்கி வெச்சிருந்த ரூம் கார்டை கவுண்டர் மேல திரும்ப வெச்சாங்க. “புள்ளத்தாச்சிய விட்டுட்டு நான் எந்தக் கப்பல்ல ஏற?” அவ்வளவுதான். ரெண்டு ஆம்பளைங்களையும் உள்ள அனுப்பிட்டு, மருமகள் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

செராங்கூன் ரோடு பக்கம் ரூம் போட்டுக் கொடுத்தேன். டாக்ஸி ஏறும்போது அந்தப் பொண்ணு என்கிட்ட மெதுவா கேட்டுச்சு: “அண்ணா, முன்னாடியே சொல்லியிருந்தா வேற தேதி போட்டிருப்பீங்கல்ல?” போட்டிருப்பேன்மான்னு சொன்னேன். அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

கோவை_பயணி
சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபார்ம்ல பையன் ‘இல்லை’ன்னு எழுதினா ஏஜென்ட் அப்படியே அனுப்பிடறதா? இவ்வளவு கமிஷன் வாங்கறீங்க, ஒரு போன் பண்ணி அந்தப் பொண்ணுகிட்டயே கேட்கலாமே?

என் கதை பினாங்கு. கப்பல் அங்க நின்னப்போ, கப்பல்காரங்க ஊர் சுத்திக் காட்டுற டூர் விலை ஜாஸ்தின்னு வெளிய டாக்ஸி பிடிச்சு நாங்களே பினாங்கு ஹில் போனோம். ஏறினது சுலபம். இறங்க ரயிலுக்கு நின்ன கூட்டத்தைப் பார்த்ததும் என் மனைவிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல நாங்க ஓடி வரும்போது, கப்பல் வாசல்ல ஒரு அதிகாரி எங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறார். ரூம் லாக்கரைத் திறந்து எடுத்திருக்காங்க. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா அதை உள்ளூர் துறைமுக ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டுக் கிளம்பியிருப்பாங்க. கப்பல்காரங்களே நடத்துற டூர்ல போனவங்களுக்குன்னா காத்திருப்பாங்க, தனியா போனவங்களுக்குக் காத்திருக்க மாட்டாங்கன்னு அப்பத்தான் சொன்னாங்க. அந்தப் பாஸ்போர்ட்டைப் பிடிச்சிருந்த கை அப்பப்ப கனவுல வருது.

மதுரை மல்லி
கோவை சார், எந்தக் கமிஷனைச் சொல்றீங்க? நானும் இந்தத் தொழில்ல இருந்தவதான். துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் இதுக்கெல்லாம் ஏஜென்ட்டுக்கு ஒரு பைசா கிடையாது. மிச்ச டிக்கெட் விலையிலதான் கணக்கு. கஸ்டமர் கேன்சல் பண்ணினா பெரும்பாலும் அதுவும் போயிடும். 2020 மார்ச்ல உலகம் முழுக்கக் கப்பல் நின்னப்போ, வித்த டிக்கெட்டுக்கெல்லாம் ரீஃபண்ட் வாங்கிக் கொடுக்கிற வேலையத்தான் மாசக்கணக்கா செஞ்சோம், வருமானமே இல்லாம. அதுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தினமும் காலையில போன் பண்ணுவார். பணத்தைப் பத்திக் கேட்கவே மாட்டார். “நீ சாப்பிட்டியாம்மா, ஆபீஸ் வாடகை கட்டிட்டியா?”ன்னுதான் கேட்பார். ரீஃபண்ட் வந்து நான் கூப்பிட்டப்போ போனை எடுத்தது அவர் மகள்.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல ஆபீஸைக் காலி பண்ணிட்டேன்.

தூத்துக்குடி_கப்பல்காரன்
நான் ரூம் ஸ்டூவர்ட். மத்தியதரைக்கடல் பக்கம் ஓடுற கப்பல். எழுதவே கூடாதுன்னு இருந்தேன், டிப்ஸ்ங்கிற வார்த்தையப் பார்த்ததும் எழுதுறேன்.

நம்மூர் குடும்பம் ஒண்ணு, ரொம்ப நல்ல மனுஷங்க. அந்தப் பாட்டி காலையில நான் போறதுக்கு முன்னாடியே படுக்கைய மடிச்சு வெச்சிருவாங்க. “உனக்கு எத்தனை ரூமுப்பா, இத நான் பார்த்துக்குறேன்”பாங்க. கடைசி ராத்திரி அவங்க மகன் கீழ கவுண்டருக்குப் போயி, கணக்குல தினமும் சேர்ற டிப்ஸை எடுக்கச் சொல்லிட்டார். ஊர்ல ஏஜென்ட் சொல்லிக் கொடுத்தாராம், கேட்டா எடுத்துருவாங்கன்னு. நிறைய கப்பல்ல கேட்டா எடுப்பாங்க, உண்மைதான். அந்தப் பணம் கப்பல் கம்பெனிக்குத்தான் போகுதுன்னு நினைச்சிருக்கார். அதுல எங்களுக்கும் பங்கு இருக்கு, கண்ணுலயே படாத சலவை ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு.

மறுநாள் காலையில பாட்டி ஒரு சம்புடத்துல முறுக்கு கொடுத்தாங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது. நான் வாங்கிக்கிட்டு சிரிச்சேன். ஏஜென்ட்மாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த யோசனைய மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீங்க.

ஈசூன் அக்கா
எனக்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. அலை அடிச்ச ராத்திரி பக்கத்து ரூம் அம்மா ஒருத்தர் மயக்கமா வந்து என் கதவைத் தட்டினார், நான் இஞ்சி மிட்டாய் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனா சில விஷயம் சொல்லியே ஆகணும்.

ஆட்டம் தாங்காதவங்க கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல ரூம் கேளுங்க. முன்பக்கமும் மேல்தளமும்தான் அதிகமா ஆடும். பால்கனி ஆசையில மேல போய் அவஸ்தைப்படாதீங்க. கரையை விட்டதும் போனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க. கடல்ல இருக்கிற நெட்வொர்க் தானா பிடிச்சுக்கிட்டா பில் பார்த்து அழுவீங்க. கப்பல் டாக்டருக்கு அங்கேயே காசு கட்டிட்டு அப்புறம்தான் இன்ஷூரன்ஸ்ல கேட்கணும், ரசீதைத் தொலைக்காதீங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க திரும்ப சிங்கப்பூர்ல இறங்கறதுக்கும் அரைவல் கார்டு (நாட்டுக்குள்ள வர்றதுக்கு ஆன்லைன்ல போடுற ஃபார்ம்) புதுசா போடணும், முதல்ல போட்டது செல்லாது.

எல்லாத்தையும் விட முக்கியம், முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சி. நம்ம ஆளுங்க அந்த நேரத்துல பஃபேல நிக்கிறாங்க, எனக்குப் பதறுது. 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலியில ஜீலியோ தீவுகிட்ட கோஸ்டா கான்கார்டியாங்கிற கப்பல் பாறையில மோதிச்சு, 32 பேர் செத்தாங்க. அன்னிக்கு சாயங்காலம் சிவிட்டாவெக்கியா துறைமுகத்துல ஏறினவங்களுக்குப் பயிற்சியே நடக்கலை, மறுநாள் வெச்சுக்கலாம்னு இருந்தாங்க. அப்ப இருந்த விதி 24 மணி நேரம் அவகாசம் கொடுத்துச்சு. கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியே ஆகணும்னு 2015-ல மாத்தினதே அதனாலதான். லைஃப் ஜாக்கெட் எங்க இருக்கு, உங்க கூடுமிடம் எதுன்னு போய்ப் பாருங்க. குழந்தைங்களையும் கூட்டிட்டுப் போங்க.

கோவை_பயணி
அக்கா, ஒண்ணொண்ணும் குறிச்சு வெச்சுக்கிட்டேன். மதுரை மேடம், கமிஷன் பத்தித் தெரியாமப் பேசிட்டேன். ஆனா தி.நகர் சார் இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லலை. அந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் பணமாவது திரும்பி வந்துச்சா?

தி.நகர் டிராவல்ஸ்
கோவை சார், பொண்ணுகிட்ட பேசணும்னு நான் கேட்டேன். “எல்லாம் என்கிட்டயே கேளுங்க”ன்னு பையன் நம்பரே தரலை. நம்ம வீடுகள்ல பாதி புக்கிங் இப்படித்தான் நடக்குது. டிக்கெட் ஒருத்தர் பேர்ல, பதில் சொல்றது இன்னொருத்தர்.

பணம்: துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் திரும்பி வந்தது, பையன் கணக்குக்கு. மாமியாரோட பங்குன்னு கணக்குப் போட்டு, அதைத் தனியா அந்தம்மா கையில கொடுக்கச் சொல்லி அவர்கிட்ட நானே கேட்டேன். சரின்னார். கொடுத்தாரான்னு அந்தம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்கலாமா வேண்டாமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.