முடிச்சு போட்டுட்டா நல்ல முத்தாயிடுமா?

பத்தர்தெரு:
பரிசுக்கு முத்து மாலை வாங்குறவங்களுக்குன்னு நேத்து இங்க ஒரு 'டிப்ஸ்' ஓடிட்டிருந்துச்சு. "முத்துக்கு முத்து நடுவுல நூல்ல முடிச்சு இருக்கான்னு பாருங்க, இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம்." அதுக்குக் கைதட்டல் வேற. கண்ணை மூடிட்டு வாங்க அதென்ன கொத்தமல்லிக் கட்டா? முடிச்சுங்கிறது மாலையைக் கோர்க்கிறவரோட கைவேலை. கண்ணாடி மணிக்கு மீன்செதில் பூச்சு பூசி, அதுக்கும் அழகா முடிச்சு போட்டுத்தான் விக்கிறாங்க.

ஊசிநூல்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம். 7 மி.மீ. முத்துன்னா 18 அங்குல மாலையில ஏறக்குறைய 60 வரும். முடிச்சு இல்லாட்டி அறுபதும் ஒண்ணோட ஒண்ணு உரசும். முத்தோட கடினம், பத்து வரைக்கும் போற மோஸ் அளவுல, 2.5-லேர்ந்து 4.5 வரைதான். முதல்ல தேயுறது துளையோரம், அப்புறம் அங்கேர்ந்தே முத்து மேல படிஞ்சிருக்கிற பளபளப்புப் படலம் உரியும். நூல் அறுந்துச்சுன்னா கல்யாண மண்டபத்துல நாற்காலி நாற்காலியா குனிஞ்சு பொறுக்கணும். முடிச்சு இருந்தா ஒண்ணுதான் விழும். முடிச்சு இல்லாத மாலை மாலையே இல்லை.

லென்ஸ்:
ஐயா, அது மாலை எத்தனை நாள் தாங்கும்ங்கிற கணக்கு. முத்து நல்லதாங்கிறது வேற கணக்கு. மாலையை வெள்ளைத் துணியில கிடத்தி, டியூப்லைட்டோட பிம்பத்தைப் பாருங்க. விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரிஞ்சா படலம் நல்லா படிஞ்சிருக்கு. மாவு பூசின மாதிரி மங்கலா தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடலாம். அடுத்து சரத்தை மெதுவா உருட்டுங்க. அகோயாங்கிற வளர்ப்புக் கடல் முத்துக்குள்ள சிப்பி ஓட்டுல கடைஞ்செடுத்த மணி இருக்கு. மேல படலம் மெல்லிசா இருந்தா உருளும்போது பளிச், இருட்டு, பளிச்னு கண் சிமிட்டும். நன்னீர் முத்துல பெரும்பாலும் மணியே கிடையாது, உள்ளுக்குள்ள வரைக்கும் படலம்தான், அதனால சிமிட்டாது. அதுல உருண்டையா இருக்கா, மேல பள்ளம் வளையம் இருக்கான்னு பார்க்கணும். பத்து மடங்கு லென்ஸ்ல துளையைப் பாருங்க. பூச்சு உரிஞ்சு கண்ணாடி தெரிஞ்சா போலி. துளையோரம் மட்டும் நிறம் திட்டா இருந்தா சாயம் ஏத்தினது.

ஊசிநூல்:
எல்லாம் சரி. துளைக்குப் பக்கத்துல என்ன இருக்கணும்? முடிச்சு.

சுண்ணாம்பு:
தலைவலின்னு போனாலும் இவர் நெத்தியில ஒரு முடிச்சு போட்டு அனுப்புவார் போல.

கொற்கை:
இதெல்லாம் இருக்கட்டும். பாண்டியன் துறைமுகத்து முத்து ரோமாபுரி வரைக்கும் போச்சு. அப்படிப்பட்ட ஊர்க்காரங்க இன்னைக்கு 'ஹைதராபாத் முத்து'ன்னு வரிசையில நின்னு வாங்குறோம். ஹைதராபாத்ல கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு யாராவது சொல்லுங்க.

சார்மினார்:
ஹைதராபாத்ல விளையுதுன்னு எவனும் சொல்லலை. அங்க நடக்குறது தரம் பிரிக்கிறது, துளை போடுறது, கோர்க்கிறது. சந்தன்பேட்டைன்னு துளை போடுறதுக்கே பேர் போன ஊர் இருக்கு. சரக்கு பெரும்பாலும் சீனத்து நன்னீர் முத்து, அதுல ரகசியம் எதுவும் இல்லை. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961. அதுக்கப்புறம் உங்க ஊர் முத்துன்னு நீங்க வாங்குறது எங்கேர்ந்து வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க.

கொற்கை:
இந்தியாவுல முதன்முதலா முத்து வளர்த்துக் காட்டினதே தூத்துக்குடியிலதான். 1973, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். தெரியாட்டி தெரிஞ்சுக்கோங்க.

சார்மினார்:
வளர்த்தாங்க. கடையில எங்க?

ஊசிநூல்:
ரெண்டு பேரும் தனியா போய்ச் சண்டை போடுங்க. கேள்வி முடிச்சு பத்தி.

பத்தர்தெரு:
முடிச்சு பத்தியே கேட்கிறேன், பதில் சொல்லுங்க. மொத்த வியாபாரத்துல முத்து எப்படி வருது? 16 அங்குலச் சரம், சாதா நூல், கொக்கி இல்ல, முடிச்சும் இல்ல. ஒசந்த அகோயாவும் அப்படித்தான் கை மாறுது. வாங்கினப்புறம்தான் பட்டுநூல்ல முடிச்சு போட்டுக் கோர்க்கிறாங்க. முடிச்சும் கொக்கியும் சேர்ந்து அது 18 அங்குலத்துக்கு வந்து நிக்கும். உங்க கணக்குப்படி அந்தச் சரம் முத்தே இல்லையா? போன மாசம் செய்கூலி விவாதத்துலயும் இப்படித்தான், ஒரே வரியைப் பிடிச்சுட்டுத் தொங்கினீங்க.

ஊசிநூல்:
செய்கூலியில நான் சொன்னதுதான் சரி, அதை அங்க வந்து பேசுங்க. சரம் வேற, மாலை வேற. பரிசா குடுக்கிறது மாலை. நான் சொன்னது அரைகுறை முடிச்சும் இல்லை. முத்தை விரலால தள்ளிப் பாருங்க. முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா கோர்த்தவர் முடிச்சை ஊசியால முத்தோட ஒட்டத் தள்ளி இறுக்கலைன்னு அர்த்தம். பட்டு நாள்பட நீளும், அந்த இடைவெளி இன்னும் அகலும். இன்னொண்ணு, துளை பெருசா, நூல் மெல்லிசா இருந்தா முடிச்சு துளைக்குள்ளயே போயிடும். அப்ப நூலை இரட்டையா போடணும். முடிச்சுல பசை தடவினா நூல் அங்க விறைச்சு அந்த இடத்துலயே ஒடியும். புது மாலை கொஞ்சம் விறைப்பாத்தான் நிக்கும், போடப் போடத் தொய்யும். இத்தனையும் தெரிஞ்சு போட்ட முடிச்சைத்தான் நான் முடிச்சுன்னு சொல்றேன்.

சுண்ணாம்பு:
நேத்து 'கண்ணை மூடிட்டு'. இன்னைக்கு விரல், ஊசி, நூல், பசை. நாளைக்கு மைக்ரோஸ்கோப்பா?

லென்ஸ்:
3 மி.மீ.க்குக் கீழ இருக்கிற பொடி முத்துக்கு? சத்லடாங்கிற ஏழு வரிசை மாலைக்கு? ஒவ்வொண்ணுக்கும் முடிச்சு போட்டா முத்தை விட நூல்தான் கண்ணுக்குத் தெரியும், மாலை துவளாது. நம்ம ஊர் வியர்வையிலயும் எண்ணெயிலயும் வெள்ளைப் பட்டு முடிச்சுதான் முதல்ல கறுக்கிறது. அடிக்கடி போடுற மாலைன்னா வருஷத்துக்கு ஒரு தடவை மறுகோர்ப்பு வேணும். அதையும் சொல்லிட்டுப் பரிசு குடுங்க.

ஊசிநூல்:
கறுக்கிறது முடிச்சோட குத்தமா, சென்ட் அடிச்ச கையோட மாலையை எடுத்துப் போடுறவங்க குத்தமா? முத்துங்கிறது சுண்ணாம்புதான், அமிலம் பட்டா ஆகாது. மாலையை எல்லாத்துக்கும் கடைசியா போடணும், முதல்ல கழட்டணும், மெத்துத் துணியால துடைக்கணும். ஆணியில மாட்டாம படுக்க வெக்கணும். பொடி முத்து விதிவிலக்கு, அதை யாரும் மறுக்கலை.

பத்தர்தெரு:
மறுக்கலையா? 'முடிச்சு இல்லாத மாலை மாலையே இல்லை'ன்னு எழுதினது உங்க ஆவியா?

வெண்சங்கு:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். நாத்தனார் பொண்ணு நிச்சயத்துக்கு வாங்கணும். 'டிரிபிள் ஏ'ன்னு எழுதியிருக்கிறதை நம்பலாமா? பல்லுல உரசிப் பார்க்கச் சொல்றாங்களே?

லென்ஸ்:
டிரிபிள் ஏங்கிறது கடைக்காரர் தானே போட்டுக்கிற மார்க். ஒரு கடையோட டிரிபிள் ஏ இன்னொரு கடையில வெறும் ஏ. உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு அளவுகோல் கிடையாது. பல்லுல நறநறன்னா அது கண்ணாடி இல்லைங்கிற அளவுக்குத்தான், அதுவும் உத்தரவாதம் இல்லை. தரம் தெரியாது, வளர்த்ததா கடல்ல தானா விளைஞ்சதான்னும் தெரியாது. அதுக்கு லேப்ல எக்ஸ்ரே எடுக்கணும். பளபளப்பு, மேற்பரப்பு, உருவம், அடுத்தடுத்த முத்தோட நிறப் பொருத்தம், இந்த வரிசையில பாருங்க. நடுவுல இருக்கிற பத்து முத்துதான் கண்ணுல படும், அங்க கறாரா இருங்க. பழுது இருந்தா கொக்கிப் பக்கம் தள்ளி வெச்சிருப்பாங்க.

கொற்கை:
மன்னார் வளைகுடா முத்து கிடைச்சா அதை வாங்கும்மா.

சார்மினார்:
கிடைச்சா எனக்கும் ஒரு சரம்.

ஊசிநூல்:
வெண்சங்கு, இவங்க சொன்னதெல்லாம் பாருங்க, வேண்டாம்னு சொல்லலை. பில் போடுறதுக்கு முன்னாடி கொக்கியைத் திருப்புங்க. கொக்கி வளையத்தை ஒட்டின நூலுக்கு மேல சுருள் கம்பி உறை இருக்கணும். வெறும் பட்டு உலோகத்துல உரசினா முதல்ல அறுந்து போறது அந்த இடம்தான். அதுக்கு அடுத்து

பத்தர்தெரு:
முடிச்சு.

ஊசிநூல்:
ஆமா, முடிச்சுதான்.