கினாபாத்தாங்கான் ஆற்றோரத்தில் இருவாட்சிப் பறவை இவ்வளவு தெரிகிறதே, அப்புறம் ஏன் ஆபத்து என்கிறார்கள்?

பேராக்_தோட்டத்தான்:
போன மாதம் குடும்பத்தோடு போர்னியோ தீவில் இருக்கும் நம் சபா மாநிலத்துக்குப் போயிருந்தோம். சண்டாக்கான் நகரத்திலிருந்து ஆற்றோரக் கிராமமான சுக்காவ் போகும் வழி நெடுக, கண்ணுக்கு எட்டிய வரை பாமாயில் எடுக்கும் செம்பனைதான். ஆற்றங்கரைக்குப் போன பிறகுதான் காடே வந்தது. மறுநாள் விடியற்காலை மெனங்கோல் கிளையாற்றில் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார், முதலில் இறக்கைச் சத்தம்தான் வந்தது, யாரோ பெரிய விசிறியால் காற்றை அடிப்பது போல. நிமிர்ந்து பார்த்தால் நம் மலேசியாவின் தேசியப் பறவை, காண்டாமிருக இருவாட்சி, ஜோடியாகப் போகிறது. இரண்டு நாளில் ஐந்து வகை இருவாட்சி பார்த்துவிட்டோம். போர்னியோவில் உள்ள எட்டு வகையும் இந்த ஒரே ஆற்றோரத்தில் இருக்கிறதாம்.

ஆனால் படகுக்காரர் சந்தோஷப்படவில்லை. "இதெல்லாம் ஒதுங்க வேறு இடமில்லாமல் இங்கே வந்து நிற்பவை" என்றார். அது மனதை விட்டுப் போகவில்லை. எனக்கு இரண்டு சந்தேகம். இவ்வளவு பறவை கண்ணில் படும்போது அழிகிறது என்று எப்படிச் சொல்வது? அப்பா வேலை செய்த தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைப் பெட்டி வைப்பார்கள், ஆந்தை வந்து குஞ்சும் பொரிக்கும். அதே மாதிரி இருவாட்சியும் செம்பனைக்குள் வாழப் பழகாதா?

சண்டாக்கான்_டீச்சர்:
தம்பி, படகுக்காரர் சொன்னது சரி. 2005-இல் கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள், சுமார் 26,000 ஹெக்டேர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அது ஒரே காடு இல்லை, ஆற்றோரமாகப் பத்துத் துண்டு. சில இடத்தில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே நடந்தாலே செம்பனை வந்துவிடும். பெரிய வீட்டிலிருந்த கூட்டத்தை ஒரு நடைபாதையில் நிறுத்தினால் ஆள் நிறையத் தெரியும், அந்த மாதிரிதான்.

இன்னொன்று, இருவாட்சி நீண்ட நாள் வாழும் பறவை. நீங்கள் பார்த்த ஜோடி பல வருஷமாகக் குஞ்சே பொரிக்காமல் இருக்கலாம். அதனால் பறவையை எண்ணுவதை விடக் குஞ்சை எண்ணுவதுதான் முக்கியம் என்பேன்.

பொந்துதான் பிரச்சனை. மரங்கொத்தி மாதிரி இதற்கு மரத்தைக் குடையத் தெரியாது. கிளை முறிந்து, உளுத்து, தானாக உண்டான பொந்து வேண்டும், அதுவும் அவ்வளவு பெரிய பறவை உள்ளே உட்காரும் அளவுக்கு. பெண் பறவை உள்ளே போய் மண், எச்சம், பழச்சதை எல்லாம் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி மட்டும் இருக்கும். ஆண் பறவை மாதக்கணக்கில் அத்திப்பழத்தை ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். அந்த மாதிரிப் பொந்து பழைய பெரிய மரத்தில்தான் வரும். இங்கே அந்த மரங்களைத்தான் 1950-களிலிருந்து வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டு சண்டாக்கானுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது பச்சையாகத் தெரியும் காட்டில் பாதி, வெட்டிய பிறகு முளைத்த இளங்காடு.

பழைய_கண்டக்டர்:
செம்பனை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், முப்பது வருஷம் தோட்டத்தில் கண்டக்டராக (வேலை மேற்பார்வை) இருந்தவன். ஆந்தைக்குத் தோட்டத்தில் சாப்பாடு உண்டு, குலையைக் கடிக்க வரும் எலிதான் அதற்கு இரை. வீடு இல்லை என்பதுதான் குறை, பெட்டி வைத்ததும் தீர்ந்தது. (எலி மருந்து வைக்கும் தோட்டத்தில் அதைத் தின்ற எலியைப் பிடித்து ஆந்தையும் சாகும், அது தனிக் கதை.) இருவாட்சிக்கு அங்கே சோறும் இல்லை வீடும் இல்லை. அத்தி மரம் ஒன்றைக்கூட விடமாட்டோம், செம்பனையையும் இருபத்தைந்து வருஷத்தில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வோம். எந்த மரத்துக்கு உளுத்துப் பொந்து விழ நேரம் இருக்கிறது?

சபாவில் 1998-ஆம் வருஷ நீர்வளச் சட்டப்படி ஆற்றின் கரையிலிருந்து 20 மீட்டர் நடாமல் விட வேண்டும். பல இடத்தில் தண்ணீர் விளிம்பு வரை செம்பனை நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம், அந்தத் தாழ்வான நிலத்தில் வருஷா வருஷம் வெள்ளம் ஏறிக் கன்று அழுகிவிடும். தோட்டத்துக்கும் லாபமில்லை, காட்டுக்கும் இல்லை. அதையாவது திருப்பிக் கொடுத்தால் துண்டுக் காடுகள் ஒன்றோடொன்று சேரும்.

மழைக்காதலி:
அப்படியென்றால் செம்பனை எண்ணெயையே நிறுத்திவிடலாமே? நான் வீட்டில் நிறுத்திவிட்டேன்.

பழைய_கண்டக்டர்:
அம்மா, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் அதே அளவு எண்ணெயைச் சோயாவில் எடுக்க இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். அங்கே சிறு தோட்டம் வைத்துப் பிழைக்கிற கம்பத்து (கிராமத்து) ஆட்களும் இருக்கிறார்கள். ஆற்றோரத்தை விட்டுவிட்டு நடு என்று அழுத்திக் கேட்பதுதான் பலன் தரும். கேட்டால் நடக்கும், சுக்காவில் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டும் திட்டத்தை 2017-இல் கைவிட்டார்களே. பாலமும் ரோடும் வந்திருந்தால் மிச்சக் காடும் இரண்டாகப் பிளந்திருக்கும்.

பேராக்_தோட்டத்தான்:
ரொம்ப நன்றி. ஆந்தைப் பெட்டி மாதிரி இருவாட்சிக்கும் பெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்களா?

சண்டாக்கான்_டீச்சர்:
வைத்திருக்கிறார்கள். சுக்காவில் ஹுத்தான் என்ற அமைப்பு உள்ளூர் ஆட்களை வைத்தே செய்கிறது. பெட்டி மெல்லிசாக இருந்தால் வெயிலில் உள்ளே வெந்துவிடும், அதனால் சுவரைத் தடிமனாக்க வேண்டும், உயரத்தில் கட்ட வேண்டும், வருஷா வருஷம் ஏறிப் பழுது பார்க்க வேண்டும். காண்டாமிருக இருவாட்சியே அப்படி ஒரு பெட்டிக்குள் குஞ்சு பொரித்தது என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் எல்லா வகைக்கும் பெட்டி சரிப்படாது. தலைக்கவச இருவாட்சிக்குப் பொந்தின் வாசலில் காலூன்ற ஒரு புடைப்பு வேண்டும், அந்த மாதிரி மரம் மிகவும் அரிது. இருவாட்சிகளில் இதன் அலகின் மேலுள்ள கொண்டை மட்டும் தந்தம் மாதிரி கெட்டியாக இருக்கும், சிற்பம் செதுக்க அதற்காகவே சுடுகிறார்கள். 2015-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று அறிவித்தாயிற்று. அதனால் அடுத்த முறை போகும்போது அதைப் பார்த்தால் இடம் தெரியும்படி படத்தை இணையத்தில் போடாதீர்கள். உங்கள் படகுக்காரரிடம் மட்டும் சொல்லுங்கள், அவருக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியும்.