சிகிச்சை அனுமதியா, செலவேற்பா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். வேலையில் அடிபட்டவரின் சிகிச்சைக்குப் பணம் கட்டுவீர்களா என்று காப்பீட்டு அலுவலகத்தைக் கேட்கும் படிவத்துக்கு (ஆங்கிலத்தில் Request for Authorization) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில், ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> 'சிகிச்சை அனுமதிக் கோரிக்கை' என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

ஐயா, தப்பாகப் புரிந்துவிடும் என்பதுதான் என் பயம். இங்கே டர்பனில் எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவருக்கு வேலையிடத்தில் கை நசுங்கிவிட்டது. இரண்டாம் சுற்று பிசியோதெரபிக்குப் பணம் தர மறுத்துக் கடிதம் வந்தது. நாகப்பட்டினத்தில் இருக்கும் அவர் மனைவிக்குப் போனில் நான்தான் படித்துச் சொன்னேன்: "சிகிச்சைக்கு அனுமதி மறுத்துட்டாங்கம்மா." ஆஸ்பத்திரியை விட்டே வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து அந்த அம்மா அழுதார். அழவைத்தது என் மொழிபெயர்ப்பு. அந்தக் குற்றவுணர்வு இன்னும் போகவில்லை.

வைத்தியம் பார்க்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பணம் கட்டுவீர்களா என்றுதான் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டு பணியிடக் காய இழப்பீட்டுச் சட்டமும் விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் வரை மருத்துவத்துக்கு ஆகும் நியாயமான செலவைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே என் பரிந்துரை: செலவேற்பு வேண்டுகை. முதல் முறை 'சிகிச்சைச் செலவேற்பு வேண்டுகை' என்று முழுதாக எழுதிவிட்டால் போதும்.

'வேண்டுகை'க்குப் பதில் 'விண்ணப்பம்' வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பணியிடக் காயக் காப்பீட்டு நடைமுறையில் இந்தப் படிவத்தை எழுதி அனுப்புகிறவர் சிகிச்சை தரும் மருத்துவர். விண்ணப்பம் என்றால் அடிபட்டவரே படிவம் தேடி அலைவார். அங்கே வழக்கமான வேண்டுகைக்கு 5 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். கூடுதல் விவரம் தேவைப்பட்டால் 14 நாள் வரை போகலாம். காப்பீட்டு அலுவலர் 'சரி' சொல்லலாம். மருத்துவத் தேவை இல்லை என்று மறுக்கவோ குறைக்கவோ ஒரு மருத்துவருக்கு மட்டுமே உரிமை. இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

இதே படிவத்துக்கு நம் குழுவில் அக்கா சொன்ன 'முன்னொப்புதல்' அழகான சொல். ஆனால் ஆஸ்பத்திரியில் 'ஒப்புதல்' என்றாலே அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி போடும் கையெழுத்துதான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே கோப்பில் இருக்கும் காகிதங்கள், குழப்பம் நிச்சயம்.

மறுத்தால் 'செலவேற்பு மறுப்பு'. 12 அமர்வு கேட்ட இடத்தில் 6 தந்தால் 'பகுதி ஏற்பு'. கேட்ட மருந்தை மாற்றி வேறொன்றுக்குச் சரி என்றால்தான் சிக்கல்: 'திருத்தியேற்பு' என்று எழுதிப் பார்த்தேன், நாவில் ஒட்டவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.