சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம்: ‘அறிகுறியற்ற’ என்பது சரியா?

குழுவினர்க்கு வணக்கம்.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவோருக்கான தைராய்டு கையேடு ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரத்த அறிக்கை இப்படி வருகிறது என்று வையுங்கள்: டி.எஸ்.எச். 7.2 (இயல்பு 0.4–4.0), ஃப்ரீ டி4 1.1 (இயல்பு 0.8–1.8). தைராய்டு சுரப்பியை விரட்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். கூடிவிட்டது. சுரப்பி தரும் ஹார்மோனான டி4 இன்னும் அளவுக்குள்தான். இதுதான் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம். மொழிபெயர்ப்புப் பொறி ‘துணை மருத்துவத் தைராய்டு’ என்கிறது. துணை மருத்துவம் என்றால் நம் ஊரில் லேப் டெக்னீஷியன் படிப்பு! வரைவில் இப்போது இருப்பது ‘அறிகுறியற்ற தைராய்டுக் குறை’. வைத்துக்கொள்ளலாமா?

— க.

* * *

> அறிகுறியற்ற தைராய்டுக் குறை

வேண்டாம், ஐயா. இந்த நிலையைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள் மட்டுமே. அறிகுறிக்கு அதில் இடமில்லை. சோர்வு, மறதி, எடை கூடுதல், மந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவையே மனச்சோர்விலும் வரும் என்பதுதான் சிக்கல். படுக்கையை விட்டு எழவே முடியாதவர் கையில் ‘அறிகுறியற்ற’ என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தால், தன் பேச்சை யாரும் நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அதற்காக ‘எல்லாம் தைராய்டால்தான்’ என்று தோன்றும்படியும் சொல் அமையக்கூடாது. இந்த அளவில் இருப்பவர்களுக்கு லெவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது மனச்சோர்வு குறைந்ததாகத் தெரியவில்லை. தைராய்டு மாத்திரை வந்துவிட்டதென்று மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டால் ஆபத்து.

‘இலைமறை தைராய்டுக் குறை’ எப்படி?

— மா.

* * *

> இலைமறை தைராய்டுக் குறை

காதுக்கு இனிமை, ஆனால் இலைமறை காய் என்றால் ஒருநாள் பழுக்கும் என்றாகிறது. இங்கிலாந்தின் விக்காம் ஆய்வில், டி.எஸ்.எச். கூடி, தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதமும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதம் பேர்தான் முழுக் குறைக்குப் போனார்கள்; எதிர்ப்புரதம் இல்லாதவர்களில் 2.6. லேசாகக் கூடிய அளவு பலருக்குத் தானாகவே இறங்கிவிடுகிறது. அதனால்தான் 2–3 மாதம் விட்டு மறுபடி பார்க்காமல் இந்தப் பெயரைச் சூட்டுவதில்லை.

தனிமடலில் வந்த ‘மிகைத்தூண்டல் தைராய்டு’ பொருளில் துல்லியம், பயன்பாட்டில் வம்பு. ‘மிகை’ என்றதும் ஹைப்பர் (ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது) என்று படித்துவிடுவார்கள். ஏற்கெனவே முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற வைட்டமினை விழுங்குபவர்களின் அறிக்கையில், பல கருவிகளில், டி.எஸ்.எச். பொய்யாக இறங்கி டி4 பொய்யாக ஏறி, இல்லாத மிகை தென்படுகிறது (சோதனைக்கு இரண்டு நாளாவது முன்பே நிறுத்தச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்). நாமும் சேர்ந்து குழப்ப வேண்டாம்.

‘ஈடுகட்டிய தைராய்டுக் குறை’யைப் பற்றியும் யோசித்தேன். டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரி கூடுதலாக விரட்டிக் குறையை ஈடுகட்டுகிறது, சரி. ஆனால் டி.எஸ்.எச். இறங்கி டி4 இயல்பாக இருக்கும் சப்கிளினிக்கல் ஹைப்பரும் உண்டே. அங்கே ஈடுகட்ட என்ன இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே முன்னொட்டு வேண்டும்.

ஆய்வகநிலைத் தைராய்டுக் குறை, ஆய்வகநிலைத் தைராய்டு மிகை. எண்ணில் தெரிகிறது, உடம்பைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

— செ.

* * *

> ஆய்வகநிலை

ஓசையில் வறட்சி, ஆனாலும் ஏற்கிறேன். ‘இலைமறை’யைத் திரும்பப் பெறுகிறேன். ஃப்ரீ டி4-ஐப் பொறி ‘இலவச டி4’ ஆக்கிவிடும், கவனம். டி4-இல் 99.9 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது; பிணையாத துளிதான் வேலை செய்வது. கட்டற்ற மென்பொருளில் பழகிய சொல் இங்கே அச்சாகப் பொருந்தும்: கட்டற்ற டி4.

மனநிலையைச் சீராக்கும் மருந்தான லித்தியம் எடுப்பவர்களுக்குத் தனிப் பத்தி வேண்டும். லித்தியம் சுரப்பியிலிருந்து ஹார்மோன் வெளியேறுவதைத் தடுக்கும். தொடங்குமுன் ஒருமுறையும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்.

— மா.

* * *

நன்றி. சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“உங்களுக்கு இருப்பது ஆய்வகநிலைத் தைராய்டுக் குறையாக இருக்கலாம். டி.எஸ்.எச். கூடியிருக்கிறது, கட்டற்ற டி4 இயல்பாக இருக்கிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்து உறுதிசெய்வோம். அதுவரை மனச்சோர்வு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.”

தடுக்கவில்லை. அட்டையில் ‘மன அழுத்தம்’ என்று தவறாக அச்சாகியிருப்பதையும் ‘மனச்சோர்வு’ என்று மாற்றி அனுப்புகிறேன்.

— க.