விஎஸ் கோட்டில் ‘கொக்கட்டிச்சோலை’ இரண்டு தரம் வருகிறது – உதவி தேவை

வணக்கம். மட்டக்களப்பு, அம்பாறை ஊர்ப்பெயர்களை விஎஸ் கோட் (VS Code) என்ற எடிட்டரில் தட்டச்சு செய்கிறோம். திறந்திருக்கும் ஃபைல்களிலுள்ள சொற்களை அடிக்கும்போதே எடுத்துக்காட்டும் வேர்ட்-பேஸ்டு சஜஷன்ஸை (word based suggestions) ‘ஆல் டொகியுமென்ட்ஸ்’ ஆக்கி, பட்டியல் ஃபைலையும் திறந்தே வைத்திருக்கிறோம்; மூடிய ஃபைலிலிருந்து அது சொல் எடுக்காது.

‘க’ அடித்தால் கொக்கட்டிச்சோலை இரண்டு தரம் வருகிறது. ‘கொ’ அடித்ததும் ஒன்று மறைந்துவிடும். ஒன்றில் ‘ொ’ ஒரே யூனிகோட் குறி; மற்றதில் ‘ெ’, ‘ா’ என இரண்டு. கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, எடிட்டருக்கு வேறு வேறு சொல். என்எஃப்சிக்கு (NFC – இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். (‘ஔ’வுக்குப் பதில் ஒ, ள என்று அடித்திருந்தால் அதை என்எஃப்சி தொடாது, கையால்தான் திருத்தவேண்டும்.)

சேவ் பண்ணும்போதே தானாக என்எஃப்சி ஆக்கும் எக்ஸ்டென்ஷன் யாராவது பாவிக்கிறீர்களா? வெளியே பைத்தனில் மாற்றத் தெரியும், எடிட்டருக்குள்ளேயே நடக்கவேண்டும். பெயரையும் செட்டிங்கையும் தயவுசெய்து சொல்லுங்கள்.