வற்றிய ஏரியில் நாலு முட்டை

குழு: ஏரிக்கரைக் குடியிருப்போர்
ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல்

காலை 7:48

செல்வம்: [படம்]

செல்வம்: [படம்]

செல்வம்: எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை ஏரியில் எடுத்தவை. புது லென்ஸ். முதல் படத்தில் மடையான், முதுகு முழுக்க அரக்கு நிறம்.

நிவேதா: இதுவா நம்ம மடையான்? மண் நிறத்தில் கரையோரம் ஒடுங்கி நிற்குமே, அதுவா அண்ணா?

கீதா டீச்சர்: அதேதான் நிவேதா. இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது. இந்த நிறம் சில மாதம்தான், அப்புறம் பழையபடி மண் நிறம். இரண்டாவது படத்தில் உண்ணிக்கொக்குக்கும் தலை, கழுத்தெல்லாம் ஆரஞ்சு ஏறியிருக்கிறது பார்.

முருகேசன் ஐயா: மற்ற நாளில் ஒன்றுக்கும் ஆகாதவன் மாதிரி நிற்கும். கோடை வந்தால் மாப்பிள்ளைக் கோலம்.

ரவி: ஐயா 😂

செல்வம்: [படம்]

செல்வம்: சின்னக்கொக்கு மட்டும் இப்படி ஆகிவிட்டது. வெறும் வெள்ளை. ஒரு இறகுகூடப் பிரிந்து தெரியவில்லை.

அஸ்லம்: பின்னால் தண்ணீர் கருப்பாக இருக்கிறது இல்லையா, அதுதான் காரணம் அண்ணா. கேமரா மொத்தமும் இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி வையுங்கள். இருட்டாக வந்த படத்தைப் பிறகு கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

செல்வம்: சரி. அப்புறம் இன்னொரு சந்தேகம். கிட்டே இருப்பவை கூர்மையாக வருகின்றன. நடு ஏரியில் நிற்கிற பவளக்காலி எடுத்தால் எல்லாமே மெழுகு உருகினமாதிரி வருகிறது. லென்ஸில்தான் கோளாறோ என்று மாற்றிக் கேட்கலாமா எனப் பார்க்கிறேன்.

அஸ்லம்: எத்தனை மணிக்கு எடுத்தது?

செல்வம்: நேற்று பத்தரை இருக்கும்.

அஸ்லம்: கானல் அண்ணா. லென்ஸ் பாவம். வெடித்த சேற்றிலிருந்து சூடு கிளம்பும்போது இடையில் இருக்கிற காற்றே ஆடுகிறது. லென்ஸ் நீளமாக நீளமாக அந்த ஆட்டமும் பெரிதாகத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/4000 நொடி வைத்தாலும் போகாது. வெயில் ஏறுமுன் எடுப்பது ஒன்றுதான் வழி.

லதா: யார் வீட்டு மோட்டார் ஓடுகிறது? தொட்டி வழிந்து படியெல்லாம் தண்ணீர்.

ரவி: நிறுத்திவிட்டேன் லதா அக்கா.

காலை 8:20

செல்வம்: இதைப் பாருங்கள், இன்றைய பரிசு.

செல்வம்: [படம்]

நிவேதா: என்ன அண்ணா இது, காய்ந்த சேறு?

செல்வம்: பெரிதாக்கிப் பார், நடுவில்.

நிவேதா: ஐயோ! முட்டை! நாலு!

முருகேசன் ஐயா: ஆக்காட்டி முட்டை. கூர்முனை நாலும் நடுவைப் பார்த்துக் கிடக்கும். தாண்டிப் போனால்கூடத் தெரியாது.

செல்வம்: ஆமாம் ஐயா. நான் உள்ளே இறங்கினதிலிருந்து தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. பத்து மணிக்குக் கூடாரத் துணியோடு மறுபடி போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்தால் அடைகாப்பதை எடுத்துவிடலாம். வருகிறவர்கள் சொல்லுங்கள், லொக்கேஷன் அனுப்புகிறேன்.

கீதா டீச்சர்: தம்பி, லொக்கேஷன் அனுப்பாதே. பத்து மணிக்குப் போகவும் வேண்டாம். கொஞ்சம் பொறு, எழுதுகிறேன்.

ரவி: டீச்சர் டைப் செய்துகொண்டிருக்கிறார். யாரும் குட் மார்னிங் படம் போட வேண்டாம்.

கீதா டீச்சர்: அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தோம். இரவிலும் விடியற்காலையிலும் அது சரி. வெயில் ஏறிவிட்டால் இந்தப் பறவை செய்வது நேர்மாறான வேலை. நிழல் கொடுக்க உட்காருகிறது. அந்தச் சேற்றில் பதினொரு மணிக்கு நீ வெறுங்காலை வைத்துப் பார், வைக்க முடியாது. முட்டை அதன்மேல்தான் கிடக்கிறது, புல்லும் இல்லை, கூரையும் இல்லை. தாயோ தந்தையோ விலகி நின்றால் வெயில் நேராக முட்டையில் அடிக்கும், உள்ளே கரு தாங்காது. நீ துணிக்குள் ஒளிந்து உட்கார்ந்தாலும், அது உன்னைப் பார்த்துப் பழகி இறங்குகிற வரைக்கும் முட்டை வெயிலில்தான்.

கீதா டீச்சர்: இன்னொன்று. கரையிலிருந்து பைனாகுலரில் பார்த்தால் அது தண்ணீருக்குப் போய் வருவது தெரியும். குடிக்க மட்டும் போவதில்லை. ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கும், முன்னும் பின்னும் அசைந்து வயிற்றை முக்கும், வயிற்றிறகு நன்றாக ஊறிய பிறகு எழும். முட்டையிடம் நேரே வந்து இறங்காது. தள்ளி இறங்கி, எதையோ பொறுக்குகிறமாதிரி நடந்து நடந்து வந்து, ஈர வயிற்றோடு முட்டைமேல் அமரும். ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி. குஞ்சு வர 28 முதல் 30 நாள் ஆகும்.

லதா: வயிற்றில் தண்ணீர் சுமந்து வருகிறதா! இத்தனை வருடம் அந்தக் கரையில் நடக்கிறேன், இது தெரியாது.

செல்வம்: டீச்சர், தெரியாமல் கேட்கிறேன், 600 எம்எம் லென்ஸ். 20 மீட்டர் தள்ளித்தான் நிற்பேன். அவ்வளவு தூரம் போதாதா?

அஸ்லம்: மீட்டர் கணக்கு உதவாது அண்ணா. அது கத்துகிறது என்றால் நீங்கள் கிட்டே இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

செல்வம்: அது ரோட்டில் நாய் போனாலும்தான் கத்துகிறது தம்பி.

அஸ்லம்: கத்திவிட்டு உட்கார்ந்தே இருந்தால் பரவாயில்லை. எழுந்து பறந்தால் நீங்கள் பின்னால் போக வேண்டும்.

கீதா டீச்சர்: காக்கையையும் கணக்கில் வை. மனிதர் எங்கே குனிகிறார், எந்த இடத்திலிருந்து பறவை எழுகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நீ கிளம்பியதும் அது வரும்.

நிவேதா: அப்படியென்றால் சுற்றி நாலு குச்சி நட்டு சிவப்பு ரிப்பன் கட்டிவிடலாமா? ஆட்கள் மிதிக்காமல் இருப்பார்கள்.

கீதா டீச்சர்: நல்ல எண்ணம்தான் கண்ணு. ஆனால் அந்த முட்டைக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு யார் கண்ணிலும் படாததுதான். ரிப்பன் கட்டினால் காக்கைக்கும் பையன்களுக்கும் நாமே வழி காட்டினமாதிரி ஆகும்.

முருகேசன் ஐயா: ஆடு மேய்க்கிற பையனுக்கு அந்த இடம் நம்மைவிட நன்றாகத் தெரியும். போன வாரம் பார்த்தேன், மந்தையை வளைத்து ஓட்டிப் போனான். ஒரு பசுமாடு மட்டும் நேரே போனது. ஆக்காட்டி முட்டையை விட்டு எழவே இல்லை. இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு மாட்டின் மூக்குக்கு முன்னால் நின்று கத்தியது. மாடுதான் ஒதுங்கிப் போனது.

நிவேதா: தாத்தா சூப்பர்!

செல்வம்: அந்தக் காட்சியைத்தான் எடுக்க வேண்டும் என்கிறேன் ஐயா.

செல்வம்: கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லாவற்றுக்கும் தடை போட்டால் யார்தான் எடுப்பது? இந்தக் குழுவில் பாதிப் பேருக்கு ஏரியில் கொக்கைத் தவிர வேறு பறவை இருப்பதே படம் பார்த்துத்தான் தெரிந்தது.

லதா: அது உண்மைதான் டீச்சர். நானே அந்தப் பாதிப் பேரில் ஒருத்தி.

கீதா டீச்சர்: எடுக்காதே என்று யார் சொன்னது? ஏரிக்குள் இறங்காதே என்கிறேன். கரையில் உட்கார்ந்து எடு. காலை 6 மணிக்குக் கிழக்குக் கரையில் இருந்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவை முகத்தில் நேராக விழும். முட்டைக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஆயிரம் விஷயம் இப்போது அங்கே நடக்கிறது.

அஸ்லம்: நான் சொல்கிறேன். மதகுப் பக்கம் மிச்சமிருக்கிற ஆழத் தண்ணீரில் முக்குளிப்பான் ஜோடி இருக்கிறது. கழுத்து செம்பழுப்பாகி, அலகின் அடியில் மஞ்சள் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. நீளவால் இலைக்கோழிக்கு வால் வளர ஆரம்பித்துவிட்டது. மீசை ஆலாக்களுக்கு வயிறு கருக்கத் தொடங்கியிருக்கிறது. தண்ணீர்மேல் தாழப் பறக்கும்போது எடுக்க வேண்டும் என்றால் ஷட்டர் வேகத்தை 1/2000க்குக் கீழே குறைக்காதீர்கள்.

கீதா டீச்சர்: இலைக்கோழியில் அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்தான். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும்.

லதா: இந்தச் செய்தியை எங்கள் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டப்போகிறேன்.

ரவி: லதா அக்கா, அண்ணனும் இதே குழுவில்தான் இருக்கிறார்.

அஸ்லம்: கருவால் மூக்கன் கூட்டம் இன்னும் கிளம்பவில்லை. குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்தவை இப்போது செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. போகும் முன் எடுத்துவிடுங்கள். இன்னும் சில நாளில் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் இருக்காது.

நிவேதா: அவை எவ்வளவு தூரம் போகும்?

அஸ்லம்: இவை வடக்கே இனப்பெருக்க இடத்துக்குப் போகின்றன, வழியில் இறங்கி இறங்கித்தான். இதன் உறவான பட்டைவால் மூக்கன் கதை தெரியுமா? 2022 அக்டோபரில் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் பறந்தது. 11 நாள், நடுவில் எங்கும் இறங்கவில்லை. அது பிறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

நிவேதா: ஐந்து மாதக் குஞ்சா??

அஸ்லம்: முதுகில் செயற்கைக்கோள் கருவி இருந்ததால்தான் தெரிந்தது. கருவி இல்லாமல் எத்தனை போயினவோ.

முருகேசன் ஐயா: நான் பேருந்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது.

நிவேதா: டீச்சர், மெர்லின் ஆப்பில் குரலை வைத்துப் பெயர் கண்டுபிடிக்கிறேன். அதே குரலை ஸ்பீக்கரில் போட்டால் பறவை கிட்டே வருமாமே?

கீதா டீச்சர்: வரும். ஏன் வரும்? இன்னொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று சண்டைக்கு வரும். முட்டை, இரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரும். கேட்பதற்கு மட்டும் ஆப்பை வைத்துக்கொள். போட்டுக் காட்டாதே.

ரவி: ஒரு சந்தேகம். செல்வம் போட்ட முட்டைப் படத்தை நான் நீக்க வேண்டுமா? வேறு குழுக்களுக்குப் போனால் ஆபத்தா?

அஸ்லம்: படம் இருக்கட்டும் அண்ணா. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கும்போது அதில் பதிந்திருக்கிற இடத் தகவல் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். போனில் எடுப்பவர்கள் கேமரா செட்டிங்கில் லொக்கேஷனை அணைத்து வையுங்கள். பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் பட்டியல் போடும்போதும் கூடு இருக்கும் மூலையைக் குறிப்பில் எழுத வேண்டாம், ஏரியின் பெயர் மட்டும் போதும்.

லதா: என் மகன் பின்னால் நின்று கேட்கிறான், குஞ்சு வந்ததும் கூட்டிலேயே வைத்து ஊட்டுமா என்று.

கீதா டீச்சர்: ஊட்டாது என்று சொல்லுங்கள் லதா. பஞ்சு மாதிரி உடம்போடு, கண் திறந்துதான் வெளியே வரும். ஈரம் காய்ந்த சில மணி நேரத்தில் நடந்து தானே இரை தேடும். தாய் ஒரு குரல் கொடுத்தால் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். மிதித்தாலும் ஓடாது. அதனால் முட்டை பொரிந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போதுதான் இன்னும் கவனம் வேண்டும்.

ரவி: சரி, அட்மின் பேசுகிறேன். காலையில் நாயைக் கயிறு இல்லாமல் ஏரிக்குள் விடுகிறவர்கள் மழை வரும் வரை கரைமேல் மட்டும், கயிற்றோடு கூட்டிப் போங்கள். பெயர் சொல்லவில்லை.

பிரகாஷ்: எங்கள் டைகர் ஒன்றும் செய்யாது சார். சும்மா முகர்ந்து பார்க்கும்.

அஸ்லம்: டைகர் முகர்கிற நேரம் முழுக்க முட்டைக்கு வெயில் சார்.

பிரகாஷ்: சரி சரி, கயிறு போடுகிறேன்.

காலை 9:05

செல்வம்: டீச்சர், கிழக்குக் கரையில் முக்காலி வைத்தால் நடைபயிற்சிக்கு இடைஞ்சல் ஆகாதா? முட்டி உயரத்தில் வைத்து எடுத்தால்தான் பின்னணி மங்கி அழகாக வரும், கரையோ உயரம்.

அஸ்லம்: மதகுப் படிக்கட்டில் கடைசிப் படியில் உட்காருங்கள் அண்ணா. தண்ணீர் மட்டத்துக்கு அரை அடி மேலே இருப்பீர்கள். முக்குளிப்பான் அங்கே தானாகவே கிட்டே வரும். முக்காலி வேண்டாம், முழங்காலில் ஊன்றிக்கொண்டால் போதும். ஒரே ஒரு விஷயம், கொஞ்சம் அசையாமல் உட்கார வேண்டும்.

செல்வம்: அங்கே கொசு பிய்க்குமே.

கீதா டீச்சர்: முழுக்கைச் சட்டை. மங்கலான நிறத்தில் போட்டுக்கொண்டு வா, அந்தச் சிவப்பு டீ ஷர்ட் வேண்டாம்.

முருகேசன் ஐயா: அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன். எனக்குக் கேமரா கிடையாது, கண் இருக்கிறது.

லதா: மகனும் நானும் வருகிறோம். பைனாகுலர் யாரிடமாவது கூடுதலாக இருக்கிறதா?

அஸ்லம்: என்னிடம் ஒரு பழைய 8x42 இருக்கிறது அக்கா, தம்பிக்குத் தருகிறேன். கண்ணாடி போடுகிறவன் என்றால் கண்வைக்கும் ரப்பரை மடக்கிவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நிவேதா: 6 மணியா, ஐந்தே முக்காலா?

கீதா டீச்சர்: ஐந்தே முக்கால். மதகடியில்.

செல்வம்: ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலா!

ரவி: செல்வத்தை எழுப்பும் பொறுப்பு என்னுடையது. எதிர்வீடுதான், ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுகிறேன்.