கூட்டத்துக்கு நடுவுல சின்ன பிராண்ட் கார்: வித்தவங்க, வாங்கினவங்க அனுபவம் சொல்லுங்க

கியர்நாப்:
நாலு வருஷம் ஒரு சின்ன கார் பிராண்டோட ஷோரூம்ல சேல்ஸ்ல இருந்தேன், பேரு வேண்டாம். ரோட்டுல அந்த லோகோவ பார்த்தா பாதி பேருக்கு என்ன கம்பெனின்னே தெரியாது. இப்ப அவங்க புது மாடல் வருதாம், இந்த தடவையாவது தேறுமான்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

கார் நல்லா இருந்தா தானா விக்கும்னு நெனைக்கிறவங்க ஒரு சனிக்கிழமை எங்க டேபிள்ல வந்து உக்காந்து பார்த்திருக்கணும். டெஸ்ட் டிரைவ் போயிட்டு வரவங்க முகமெல்லாம் சிரிப்பா இருக்கும், ஸ்டியரிங் சூப்பர், சீட்டு சூப்பர், கதவு சாத்துற சத்தமே தனி, எல்லாம் சொல்லுவாங்க. நான் புக்கிங் ஃபார்ம எடுத்ததும் குடும்பத்துல ஒருத்தர், பெரும்பாலும் அதுவரைக்கும் வாயே திறக்காத ஆளு, "அஞ்சு வருஷம் கழிச்சு இத யாருங்க வாங்குவா?"ம்பார். அவ்ளோதான், "வீட்ல பேசிட்டு சொல்றோம்"னு எழுந்துடுவாங்க. அடுத்த மாசம் அதே குடும்பத்த சிக்னல்ல பார்ப்பேன், ஊரே வெச்சிருக்கிற அதே எஸ்யூவி, அதே வெள்ளை கலர், கண்ணாடிய இறக்கி எனக்கு கை வேற காட்டுவாங்க.

யார்டுல நிக்கிற ஸ்டாக் சும்மா நிக்காது. பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்துல அழுந்தி அந்த பக்கம் தட்டையாயிடும், அதனால வாரத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் ஸ்டார்ட் பண்ணி முன்ன பின்ன நகர்த்தணும். ஒரு பிரவுன் செடான ஏழு மாசம் நகர்த்தினேன். வருஷம் பொறந்தா அது போன வருஷ வண்டி, டிஸ்கவுன்ட் போடணும், டிஸ்கவுன்ட் போட்டா ஏற்கனவே வாங்கினவங்களோட ரீசேல் விழும், அத கேள்விப்பட்டு புதுசா வரவங்க பயப்படுவாங்க. சொந்த காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதைதான்.

ஒத்தக்கண்ணாடி:
அண்ணே, நீங்க சொன்ன "அஞ்சு வருஷம் கழிச்சு"க்கு முன்னாடியே ஒரு கண்டம் இருக்கு, ஸ்பேர்! நான் வெச்சிருந்ததும் அப்படி ஒரு பிராண்ட்தான். பைக்காரர் ஒருத்தர் உரசினதுல இடது பக்க கண்ணாடி போச்சு. சர்வீஸ் சென்டர்ல "ஆர்டர் போட்டாச்சு சார்"னாங்க, அடுத்த வாரம் போன் பண்ணா "கப்பல்ல வருது சார்". ரெண்டு மாசம் கப்பல்லயே வந்துச்சு. அதுவரைக்கும் பாத்ரூம் கண்ணாடி துண்டு ஒண்ண டேப் போட்டு ஒட்டிட்டு ஓட்டினேன், ஆபீஸ்ல எல்லாரும் பார்த்தாங்க. என் டீம்ல மூணு பேர் அந்த வருஷம் கார் வாங்கினாங்க, ஒருத்தர் கூட என் பிராண்ட் பக்கம் எட்டிப் பாக்கல. கம்பெனி எத்தன விளம்பரம் போட்டிருந்தாலும் என் டேப்புக்கு முன்னாடி நிக்காது.

இன்னொன்னு, கார் மேல எனக்கு இன்னைக்கும் கோவம் இல்ல, அவ்ளோ சுகமான வண்டி.

பழைய900:
எங்க அப்பா சாப்ங்கிற ஸ்வீடன் கம்பெனியோட 900 கார் வெச்சிருந்தார். அதுல சாவி துவாரம் ஸ்டியரிங் பக்கத்துல இருக்காது, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கியருக்கு பின்னாடி இருக்கும், ரிவர்ஸ் கியர் போட்டாதான் சாவியே வெளிய வரும். ஒரு கல்யாணத்துல பார்க்கிங் பையன்கிட்ட சாவிய குடுத்தோம், அஞ்சு நிமிஷம் ஸ்டியரிங்க சுத்தி சுத்தி தடவிட்டு திரும்பி வந்து "அங்கிள், சாவி போடுற இடமே இல்ல"ன்னான். அப்பாவுக்கு அன்னைக்கு இருந்த பெருமை, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு கூட இல்ல!

அந்த கிறுக்குதான் சாபோட சொத்து. அமெரிக்காவோட ஜெனரல் மோட்டார்ஸ் 1990ல சாப்ல பாதிய வாங்கி 2000ல முழுசா எடுத்துக்கிச்சு. அப்புறம் கூட்டத்தோட போட்டி போடணும்னு ஜப்பான் கம்பெனி சுபாருவோட இம்ப்ரெசா காருக்கு மூஞ்சிய மாத்தி 9-2எக்ஸ்னு விட்டாங்க, ஜனங்க "சாபாரு"ன்னே கிண்டல் பண்ணாங்க. ஜெனரல் மோட்டார்ஸோட சொந்த எஸ்யூவி செவர்லே டிரெயில்பிளேசர 9-7எக்ஸ்னு விட்டாங்க, சாவிய மட்டும் மறக்காம நடுவுல வெச்சாங்க. சாவி நடுவுல இருந்தா சாப் ஆயிடுமா? 2010ல ஸ்பைக்கர்ங்கிற குட்டி டச்சு கார் கம்பெனி கைக்கு போச்சு, 2011 டிசம்பர்ல திவால். இதே மாதிரி இருக்கிற வண்டிய பெரிய கம்பெனியே விக்கும்போது சின்ன கம்பெனிகிட்ட ஏன் போகணும்?

சேத்துப்பாதை:
எல்லாரும் ஒப்பாரியா வெக்கிறீங்களேப்பா, பொழச்ச கதை ஒண்ணு சொல்றேன். சுபாருவும் அமெரிக்காவுல ஒரு காலத்துல தடுமாறின கம்பெனிதான், பெரிய ஆளுங்களோட சாதா கார்ல மோதி கைய சுட்டுக்கிச்சு. 90கள்ல ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போற வண்டி மட்டும்தான் விப்போம்னு முடிவு பண்ணி, ஏற்கனவே யாரு வாங்குறாங்கன்னு தேடிப் பார்த்திருக்காங்க: டீச்சருங்க, ஆஸ்பத்திரி வேலைல இருக்கிறவங்க, மலை ஏறுறவங்க, லெஸ்பியன் பெண்கள். மத்த கம்பெனிங்க கண்டுக்காத அந்த பெண்களுக்குன்னே அந்த காலத்துலயே விளம்பரம் போட்டாங்க. 2009ல அமெரிக்க கார் சந்தையே படுத்தப்பவும் இவங்க விற்பனை ஏறிச்சு, 2019ல வருஷத்துக்கு 7 லட்சத்த தாண்டிச்சு.

ஃப்ரெண்டோட சுபாரு ஃபாரெஸ்டர்ல மழைல ஒரு சேத்து ஏத்தம் போயிருக்கேன், முன்னாடி போன வண்டி சக்கரம் சுத்தி நின்ன இடத்துல இது பேசாம ஏறிச்சு. அவன் அந்த ஏத்தத்த பத்தி ஆறு வருஷமா பேசுறான், அவன் பேசியே ரெண்டு பேர் வாங்கிட்டாங்க.

யார்டுபாய்:
நான் பழைய கார் வாங்கி விக்கிறவன். சின்ன பிராண்டுக்கு கம்மியா விலை போட்டா திட்டுறாங்க, வண்டி மோசம்னு நான் சொல்லவே இல்ல. ஓடுற மாடலுக்கு விளம்பரம் போட்ட அன்னைக்கே இருபது கால் வரும், இதுக்கு மாசத்துல ரெண்டு. ஆனா அந்த ரெண்டு பேரும் விவரமான ஆளுங்க, இன்ஜினுக்குள்ள இருக்கிற டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னுதான் முதல் கேள்வியே, விலை கடைசியிலதான். கம்பெனி கடைய கட்டிட்டு போயிடுமோங்கிற பயமும் விலைல சேரும். 2012ல சுசுகி அமெரிக்காவுல கார் விக்கிறத நிறுத்துறோம்னு சொன்னாங்களே, அதே சுசுகி இந்தியாவுல நம்பர் ஒண்ணு. பிராண்ட் எவ்ளோ பெருசுங்கிறது எங்க நின்னு பாக்குறோம்ங்கிறத பொறுத்துதான்.

கியர்நாப்:
யார்டுபாய் சொன்ன அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் என் பிரவுன் செடான வாங்கினார். ரிட்டயர் ஆன மனுஷர், தனியா வந்தார், டெஸ்ட் டிரைவ் கூட அப்புறம்தான், முதல்ல டார்ச் அடிச்சு அடியில பார்த்தார். ரீசேல் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, "நான் விக்க வாங்கல தம்பி"ன்னார். ஸ்பேர் கவுன்டருக்கு கூட்டிட்டு போகச் சொல்லி அங்க அரைமணி நேரம் நின்னார், எந்த பார்ட் கையில இருக்கு, எது வர எத்தன நாளாகும்னு சின்ன நோட்டுல எழுதிக்கிட்டார். பிரவுன் பிடிக்குமா சார்னு கேட்டேன், அழுக்கு தெரியாதுன்னார்.

சாவி குடுக்குற அன்னைக்கு குனிஞ்சு நாலு டயரையும் கைல தடவிப் பார்த்துட்டு, "ஏழு மாசமா நிக்கிற வண்டின்னு சொன்னாங்க, டயர் தட்டையாகலையே, யாரோ நகர்த்தியிருக்காங்க"ன்னார்.

நான்தான் சார்னேன்.